திரும்பிப் பார்த்த குருவி

அந்தக் காலத்தில் ஆற்றங்கரையில் எது பேசினாலும் யாரும் திடுக்கிட்டதில்லை. நாரை பேசும். நண்டு பேசும். எருமையும் பேசும், ஆனால் எருமை வாயைத் திறந்தால் மட்டும் ஆட்கள் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவார்கள், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் என்பதால். மனிதர்களும் அவற்றுக்குப் பதில் சொல்வார்கள், சண்டையும் போடுவார்கள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்ட நாளில் நெட்டாறு என்று ஓர் ஆறு ஓடியது. ஓடியது என்று பேச்சுக்குச் சொன்னாலும், ஆண்டில் பாதி நாள் அதில் மணல்தான். நடுவில் வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் நெளிந்து போகும். ஆடி மாதம் மலையில் மழை இறங்கியதும் புதுத்தண்ணீர் வரும். செம்மண் நிறத்தில், நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு வரும். அதைப் பார்ப்பதற்காக, கீழே இன்னோர் ஆறு வந்து சேரும் கூடல் வரைக்கும் மருதங்கரை ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக நடந்து போவார்கள். ஆடி பதினெட்டாம் நாள் விடியலில் கிளம்பினால் உச்சிப்பொழுதுக்குக் கூடல். அங்கே நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றுவிட்டு, தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஊர் இருக்கும் வடகரையின் மேட்டு வழியாக வீடு திரும்புவார்கள்.

கஷ்டமான வழி இல்லை அது. ஏற்றம் கிடையாது, முள் கிடையாது. இடுப்பில் பிள்ளை வைத்திருப்பவளும் நடந்துவிடலாம். பார்க்கவும் நிறைய உண்டு. ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கிக் கல். கொஞ்சம் தள்ளி, பாறையில் பாதி செதுக்கி விட்டுப்போன ஒரு காளை. அதற்கப்புறம் யாரோ ஒரு ராசா கட்டி, எந்த வெள்ளமோ உடைத்த ஒரு மடை. கடைசியாக, ஆற்றின் நடுவில் உள்ள மணல் திட்டில் ஒரு நடுகல். அவ்வளவையும் பார்த்துக்கொண்டே நடந்தால் தூரம் தெரியாது. வழி எளிது என்பதால்தான் யாரும் அதைப் பற்றிப் பெரிதாக யோசித்ததும் இல்லை.

சங்கடம் ஒன்றே ஒன்றுதான், மணல். ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு தன் படுக்கையை மாற்றிப் போட்டுவிடும். போன ஆண்டு கெட்டியாக இருந்த இடம் இந்த ஆண்டு உளையாகிவிடும். உளை என்றால், மேலே பார்க்கக் காய்ந்த மணல். காலை வைத்தால் இடுப்பு வரைக்கும் உள்ளே இழுக்கும். ஆகவே வழிகாட்ட ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்தது ஒரு குருவி.

அதற்கு அப்போது ஓடுகுருவி என்று பெயர். கருப்பு முதுகு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு மேலே யாரோ சுண்ணாம்பு தீற்றியது போல ஒரு வெள்ளைக் கோடு. வால் நீளம். ஆனால் அந்த வால் அப்போது ஆடாது. குச்சியைச் சொருகி வைத்தது போல அசையாமல் நீட்டிக்கொண்டிருக்கும். குருவிக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. மணலில் தன்னைப் போல ஓட ஆள் இல்லை என்பது ஒன்று. தான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை என்பது இன்னொன்று.

"வழி முன்னால்தானே இருக்கிறது? பின்னால் எதற்குப் பார்ப்பது?" என்று கேட்கும்.

அதன் கூலி சோறு அல்ல, ஈ. கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தால் ஈ வரும் அல்லவா? ஒரு மூட்டைக்கு இவ்வளவு ஈ என்று குருவிக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதனால் கிளம்பும்போது அது ஆட்களை எண்ணுவதில்லை, மூட்டைகளைத்தான் எண்ணும். ஊர்க்காரர்களும் அதே பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். "நீங்கள் எத்தனை பேர்?" என்று யாரும் கேட்பதில்லை. "எத்தனை மூட்டை?" என்றுதான் கேட்பார்கள்.

ஓர் ஆடியில் கொம்பையாவின் குடும்பம் கிளம்பியது. கொம்பையா, அவன் மனைவி ஆவுடை, கொம்பையாவின் அக்கா பேராச்சி, மூத்த மகன் வேலாண்டி. நான்கு பேர் தலையிலும் ஆளுக்கு ஒன்றாக நான்கு மூட்டை. ஐந்தாவதாக ஒரு பெண் குழந்தையும் இருந்தாள், உலகம்மை. ஐந்து வயது. வீட்டில் உலகு என்று கூப்பிடுவார்கள். அவளுக்கான சோறு அவள் அம்மாவின் மூட்டைக்குள் இருந்ததால் அவள் கை வெறுங்கை.

கரையில் காத்திருந்த குருவி கேட்டது: "எத்தனை மூட்டை?"

"நாலு, குருவியாரே" என்றான் கொம்பையா.

"என்ன சோறு?"

"ரெண்டு புளிச்சோறு, ஒண்ணு எள்ளுச்சோறு, ஒண்ணு தயிர்ச்சோறு."

"தயிருக்குத்தான் ஈ நன்றாக வரும்" என்றது குருவி திருப்தியாக. "சரி, நடங்கள்."

ஓட்டமும் நடையுமாக முன்னால் போனது. பின்னால் வரிசையாக இவர்கள். உலகு சில சமயம் அப்பாவின் தோளில், சில சமயம் அத்தையின் இடுப்பில், பெரும்பாலும் கீழே. கீழே இருக்கும்போது அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

முதலில் சுமைதாங்கிக் கல் வந்தது. நிற்கும் இரண்டு கல்லுக்கு மேல் படுத்திருக்கும் ஒரு கல், ஆள் தோள் உயரத்தில்.

"இது எதுக்கு?"

"தலைச்சுமையை இறக்கி வைக்கிறதுக்குடி" என்றாள் ஆவுடை.

"கீழே வச்சா என்ன?"

"கீழே வச்சா திரும்பத் தூக்கிவிட ஆள் வேணும். இதுல வச்சா தானே தூக்கிக்கலாம்."

"அப்ப யாரும் கூட வராதவங்களுக்கா இந்தக் கல்லு?"

ஆவுடை நடந்துகொண்டே அதைத் தடவிப் பார்த்தாள். அவள் அந்தக் கல்லில் நூறு தடவை சுமை இறக்கியிருக்கிறாள். அப்படி ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்து காளை. பாறையிலிருந்து தலையும் திமிலும் வெளியே வந்துவிட்டன. கால்கள் இன்னும் கல்லுக்குள்ளேயே இருந்தன. ஒரு கொம்புதான் இருந்தது.

"ஏன் பாதியிலே விட்டுட்டாங்க?"

"செதுக்கினவனுக்குப் பசிச்சிருக்கும்" என்றான் வேலாண்டி.

"சாப்பிட்டுட்டு வந்திருக்கலாமே?"

"சாப்பிட்டா தூக்கம் வந்திருக்கும்."

"இத்தனை வருசமாவா தூங்குறான்?"

பேராச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே கொம்பையா, உம் மகள் கேக்கிற கேள்விக்கு ஒரு பண்டிதரைக் கூட்டிட்டு வந்திருக்கணும். குருவியைக் கூட்டிட்டு வந்து என்ன புண்ணியம்?"

"குருவியாரைக் கேளு தாயி, அவருக்குத் தெரியும்" என்று கொம்பையா தப்பித்துக்கொண்டான்.

உலகு ஓடிப் போய், "குருவி, குருவி, இது என்னது?" என்றாள்.

"கல்" என்றது குருவி, திரும்பாமலே.

உடைந்த மடை வந்தது. அதன் பக்கத்தில் எழுத்து வெட்டிய ஒரு பலகைக்கல்.

"குருவி, இது?"

"அதுவும் கல்."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"கல்லில் எழுதியதைக் கல்தான் படிக்கும். வெயில் ஏறுகிறது, நட."

ஆற்றின் நடுத் திட்டுக்கு வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. திட்டில் ஒரு பூவரச மரம். அதன் அடியில் நடுகல். ஒரு மனிதன் காலை அகட்டி நிற்கிறான். கையில் வாள் இல்லை, வில் இல்லை. தோளில் ஏதோ ஒன்றைத் தூக்கி வைத்திருக்கிறான், தேய்ந்துபோனதால் என்னவென்று தெரியவில்லை. கல்லின் அடிப்பக்கத்தில், மண்ணிலிருந்து ஒரு முழ உயரத்தில், வாயைத் திறந்தபடி ஒரு சின்ன மீன் செதுக்கியிருந்தது.

பெரியவர்கள் கும்பிட்டார்கள். நெற்றியில் மண் தொட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் மூட்டையை இறக்கி வைத்தார்கள்.

"அப்பா, ஏன் மீனு இவ்வளவு கீழே இருக்கு?"

"சும்மா செதுக்கியிருப்பாங்க."

"சும்மா ஏன் செதுக்கணும்?"

"ஏட்டி உலகு, கொஞ்சம் மூச்சு விடு. எங்களுக்கும் விட வேண்டியிருக்கு" என்றாள் பேராச்சி.

அப்போது கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மிக மெதுவான, தண்ணீர் கசிவது போன்ற குரல்.

"எனக்கு" என்றது.

உலகு குனிந்து பார்த்தாள். மண்ணில் பாதி புதைந்து ஓர் ஆமை இருந்தது. அதன் ஓடும் ஒரு கல்லைப் போலத்தான் இருந்தது. அது ஒரு மூச்சு விட்டது. கண்ணை மூடித் திறந்தது.

"தெரியும்" என்றது.

உலகு அதன் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று காலையிலிருந்து அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் யாரும் 'எனக்குத் தெரியும்' என்று சொல்லவில்லை. இந்த ஆமைதான் முதல் ஆள்.

"சொல்லு, சொல்லு."

"இந்த" என்றது ஆமை. மூச்சு. "மீன்" என்றது. மூச்சு.

கல்லுக்கு இந்தப் பக்கம் குருவி அவசரப்படுத்தியது. "போதும், நடங்கள். இனி ஒரே ஒரு கிளையைத் தாண்டினால் கூடல்." திட்டுக்கும் வடகரைக்கும் நடுவே ஆற்றின் ஒரு கிளை ஓடியது. கணுக்கால் அளவுத் தண்ணீர். அங்கங்கே கருப்பாகப் பாறை தலை நீட்டியிருக்கும். வழி நேராகப் போகாது. வில்லைப் போல வளைந்து போகும். அந்த வளைவு குருவிக்கு மட்டும்தான் தெரியும். அது முன்னால் போக, இவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் தண்ணீரில் இறங்கினார்கள்.

பிள்ளை மதினி இடுப்பில் இருக்கிறாள் என்று ஆவுடை நினைத்தாள். தம்பியின் தோளில் இருக்கிறாள் என்று பேராச்சி நினைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்து வருகிறாள் என்று கொம்பையா நினைத்தான். வேலாண்டி எதையும் நினைக்கவில்லை. அவன் தயிர்ச்சோற்றை நினைத்துக்கொண்டிருந்தான்.

கரை ஏறியதும் குருவி வழக்கம்போல முன்னால் பார்த்தபடியே கேட்டது: "நாலு மூட்டையும் வந்ததா?"

"வந்தாச்சு."

"சரியாக இருக்கிறது."

அங்கிருந்து கூடல் ஒரு கூப்பிடு தூரம். மருத மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். குருவி ஒரு வேரின் மேல் தயாராக நின்றது. ஆவுடை தன் மூட்டையை அவிழ்த்தாள். முதல் கவளத்தைக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம். புளிச்சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையை நீட்டினாள்.

"இந்தா உலகு."

கை நீட்டியபடியே நின்றது. வாங்குவதற்கு ஆள் இல்லை.

"மதினி, பிள்ளை எங்கே?"

"என்னைக் கேக்கிறே? உங்கிட்டதானே வந்தா?"

இருவரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். கொம்பையா தன் தோளைத் தடவிப் பார்த்தான், குழந்தை அங்கே இருந்தால் தெரியாமலா இருக்கும் என்பது போல. ஆவுடையின் கையிலிருந்து சோற்று உருண்டை விழுந்தது.

"நாலும் வந்ததென்று சொன்னீர்களே!" என்றது குருவி.

"மூட்டை நாலுதான்" என்றான் கொம்பையா. "நாங்க அஞ்சு பேரு."

அப்போதுதான் வேலாண்டி மூக்கை உறிஞ்சினான். "அப்பா, மண்ணு வாசம் வருது."

எல்லாருக்கும் வந்தது. காய்ந்த சருகும் ஈர மண்ணும் கலந்த வாசம். புதுத்தண்ணீருக்கு முன்னால் வரும் வாசம் அது. வழக்கமாக அது பிற்பகல் சாய்ந்த பிறகுதான் வரும். வழக்கம் என்பது ஆறு கொடுத்த வாக்கு இல்லையே. இவர்களாக வைத்துக்கொண்டதுதான்.

திட்டில் ஆமை பேசிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரத்தில் அது நான்கு வாக்கியம் முடித்திருந்தது. அந்த நான்கையும் சேர்த்துச் சொன்னால் இப்படி வரும்:

"முன்னொரு காலத்தில் ஒரு மாட்டுக்காரன் இந்தத் திட்டில் மாடு மேய்த்தான். புதுத்தண்ணீர் வந்தபோது எல்லா மாட்டையும் கரையேற்றிவிட்டு, எண்ணிப் பார்த்தான், ஒரு கன்று குறைந்தது, திரும்பி வந்தான். கன்றைத் தோளில் தூக்கிக் கொண்டுபோய்க் கரையில் எறிந்தான். கன்று சேர்ந்தது, அவன் சேரவில்லை."

"அது கன்னுக்குட்டியா தோள்ல இருக்கிறது?" என்று உலகு எழுந்து கல்லைத் தடவிப் பார்த்தாள். ஆமாம், தேய்ந்துபோன நான்கு கால்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. "அப்ப மீனு?"

"மீன்" என்றது ஆமை. மூச்சு. "அவன் ஆட்கள்" மூச்சு. "செதுக்கியது." மூச்சு. "பின்னால் வருகிறவர்களுக்கு." நீண்ட மூச்சு. "மீன் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால், போய்விடு. மீனின் கண் நனைந்தால்..."

அது முடிக்கவில்லை. உலகு கீழே பார்த்தாள். அவள் பாதத்தைச் சுற்றிச் செந்நிறத் தண்ணீர் வந்து நின்றது. ஒரு சருகு மிதந்து போய் மீனின் திறந்த வாயில் ஒட்டிக்கொண்டது.

"குடிக்குதே" என்றாள்.

"போ" என்றது ஆமை. ஒரே சொல், இம்முறை வேகமாக.

"எந்தப் பக்கம்?"

"நான் நீந்துகிறவன். எனக்கு நடக்கும் வழி தெரியாது."

வடகரைக்கு அந்தக் குடும்பம் ஓடி வந்து சேர்ந்தபோது கிளை சிவந்து கிடந்தது. சற்று முன் கணுக்கால் நனைத்த தண்ணீர் இப்போது பாறைகளின் மேல் ஏறி நுரைத்துக்கொண்டிருந்தது. எதிரே திட்டில், மரத்தடியில், கல்லைப் பிடித்தபடி சின்னதாக உலகு நின்றாள்.

கொம்பையா பாய்ந்து தண்ணீரில் இறங்கினான். இரண்டாவது அடியிலேயே தொடை வரைக்கும் மணலுக்குள் போனான். பேராச்சியும் ஆவுடையும் சேலைத் தலைப்பைப் போட்டு அவனை இழுத்தார்கள்.

"இறங்காதீர்கள்!" என்று குருவி கத்தியது. "புதுத்தண்ணீர் குடித்த மணல் இது. உங்கள் கனத்தைத் தாங்காது. அவள் கனத்தைத் தாங்கும். அவள்தான் நடந்து வர வேண்டும்."

"அவளுக்கு வழி எப்படித் தெரியும்?" என்று ஆவுடை அலறினாள்.

குருவி அதற்குள் கிளம்பிவிட்டது. பறந்துபோய் உலகுவின் பக்கத்தில் இறங்கியது.

"என் பின்னால் வா. நான் நிற்கும் கல்லில்தான் கால் வைக்க வேண்டும்."

சொல்லிவிட்டு முதல் பாறைக்குத் தாவியது. உலகு அங்கேயே நின்றாள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"எங்கே இருக்கே?"

"இங்கேதான்!"

ஆற்றின் இரைச்சலில் அது கேட்கவில்லை. கண்ணுக்கும் தெரியவில்லை. தெரியாதுதான். கருப்புப் பாறையின் மேல் வெள்ளை நுரை. கருப்பு உடம்பில் வெள்ளைக் கோடு. குருவி நின்ற பாறைக்கும் மற்ற இருபது பாறைகளுக்கும் வித்தியாசமே இல்லை. குருவி இறக்கையை விரித்துக் காட்டியது. நுரை சிதறியது போலத்தான் இருந்தது. அப்படியும் இப்படியும் ஓடிக் காட்டியது. நுரையும் அப்படித்தான் ஓடியது. ஆற்றில் எல்லாமே பக்கவாட்டில்தான் போகிறது என்று குருவிக்கு அப்போது உறைத்தது. மேலும் கீழும் போவது எதுவும் இல்லை.

அது தன் வாலைத் தூக்கியது. பிறந்தது முதல் குச்சியாக நின்ற வால், வலித்தது. தூக்கிக் கீழே அடித்தது. திரும்பத் தூக்கி, திரும்ப அடித்தது.

"ஆ, தெரியுது!" என்றாள் உலகு. முதல் பாறையில் கால் வைத்தாள்.

குருவி சந்தோஷத்தில் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் பாறை, மூன்றாம் பாறை, நான்காம் பாறை என்று கடகடவென்று ஓடியது. அதன் எதிரே கரை தெரிந்தது. கரையில் ஆவுடையின் முகம் தெரிந்தது. அந்த முகம் குருவியைப் பார்க்கவில்லை. குருவிக்குப் பின்னால் எதையோ பார்த்தது. வாய் திறந்திருந்தது.

ஆவுடையின் முகத்தைப் பார்த்துத்தான் குருவி திரும்பியது. தன் பிறப்பிலேயே முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தது.

உலகு பாறைக்கும் பாறைக்கும் நடுவே, தப்பான இடத்தில், மார்பளவுத் தண்ணீரில் நின்றாள். ஒரு கை ஒரு பாறை முனையைப் பற்றியிருந்தது. அவள் அழவில்லை. தேடிக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். எவ்வளவு நேரமாக இப்படிப் பின்னால் ஆட்கள் தன்னைத் தேடியிருக்கிறார்கள், எத்தனை ஆடியில் தேடியிருக்கிறார்கள் என்று அந்த ஒரு கணத்தில் குருவிக்குத் தோன்றியது. தோன்றியதை வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. பறந்து திரும்பி வந்து அவள் கைக்கு எட்டும் பாறையில் நின்று வாலை ஆட்டியது.

"இங்கே ஏறு. முழங்காலை வை. அப்படித்தான்."

உலகு ஏறினாள். குருவி அடுத்த பாறைக்குப் போனது. நின்றது. திரும்பியது. வாலை ஆட்டியது. அவள் வந்தாள். மறுபடி ஒரே ஒரு பாறை. நின்றது, திரும்பியது, ஆட்டியது. நான்கு சின்ன அடி, ஒரு நிற்றல். இவ்வளவு மெதுவாக ஆற்றைக் கடக்க முடியும் என்று குருவிக்கு அதுவரை தெரியாது. திட்டில் மீனின் கண் நனைந்தது. பூவரசின் கீழ்க்கிளை தண்ணீரைத் தொட்டது. நான்கு அடி, ஒரு நிற்றல். கடைசிப் பாறைக்கும் கரைக்கும் நடுவே உளை மணல். குருவி அதன் மேல் சரியாக ஒரு கோடு நடந்து காட்டியது. அந்தக் கோட்டின் மேலேயே அவள் பாதம் வந்தது. மணல் கொஞ்சம் நடுங்கியது, தாங்கியது.

கொம்பையா கையை நீட்டி அவளை அள்ளினான்.

ஆவுடை பிள்ளையின் கை, கால், விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பேராச்சி தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு உலகுதான் பேசினாள்.

"குருவி, உன் வாலு ஏன் இன்னும் ஆடுது?"

குருவி குனிந்து தன் காலுக்கு நடுவே பின்னால் பார்த்தது. ஆமாம், ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்த்தது. நின்றது போல நின்று, மறுபடி ஆடியது.

"நிற்க மாட்டேன் என்கிறது" என்றது குருவி.

"பயமா?"

"தெரியவில்லை" என்றது குருவி. யாருடைய கேள்விக்கும் அது அப்படிப் பதில் சொன்னதில்லை.

மருத மரத்தடிக்குத் திரும்பிப் போனார்கள். பசி அப்போதுதான் தெரிந்தது. உலகு வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு ஆமை சொன்னதையெல்லாம் சொன்னாள். மாட்டுக்காரன், கன்றுக்குட்டி, மீன்.

"எல்லா மாட்டையும் கரையேத்தினான்ல, அப்புறம் அவன் எண்ணிப் பார்த்தானாம்" என்றாள்.

சோறு தின்றுகொண்டிருந்த நான்கு கைகளும் நின்றன. வருடா வருடம் அந்தக் கல்லைக் கும்பிட்டு மண் தொட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

"எண்ணிப் பார்த்தானாம்" என்று பேராச்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு தன் இலையின் ஓரத்தைக் கிழித்தாள். ஒரு பிடி தயிர்ச்சோற்றை அதில் வைத்து, மடித்து, வாழைநாரால் கட்டினாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மூட்டை. அதை உலகுவின் கையில் கொடுத்தாள்.

"ஏ குருவி, இப்ப எண்ணு."

குருவி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தது. மூட்டையைப் பார்க்கவில்லை.

"ஐந்து" என்றது.

"சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப இவதான் முன்னாடி நடப்பா" என்றாள் பேராச்சி. "நாம எல்லாரும் இவ பின்னாடி. இவ நின்னா நிக்கணும். ஏதாவது கல்லைப் பார்த்துக் கேள்வி கேட்டா, பதில் தெரியாட்டிக்கூட உக்கார்ந்து கேக்கணும்."

"அப்படின்னா விடியறதுக்குள்ள வீடு போய்ச் சேருவோமா அத்தை?" என்றான் வேலாண்டி.

"சேர்ந்தா அஞ்சு பேரா சேருவோம்லே. சாப்பிடு."

உலகு தன் மூட்டையைத் தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த ஆமை இன்னும் முடிக்கலை" என்றாள். "மீனோட கண்ணு நனைஞ்சா என்னன்னு சொல்லவே இல்லை. அடுத்த ஆடிக்கு வந்து கேக்கணும்."

கேட்டாளா, ஆமை சொன்னதா என்று தெரியாது. ஆமை இன்னொரு வாக்கியத்தைத் தொடங்கியிருந்தால், அது முடிய இன்னும் பல ஆடி ஆகும். அதைக் கேட்கத்தானோ என்னவோ, இன்றைக்கும் ஆடிப் பதினெட்டில் குடும்பம் குடும்பமாக ஆற்றோரம் நடக்கிறார்கள். நடை பழகி நாலு நாள் ஆன குழந்தையாக இருந்தாலும் அதன் கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சோற்று மூட்டை இருக்கும். அதுதான் எல்லாருக்கும் முன்னால் நடக்கும். அதற்கும் முன்னால், ஈர மணலில், கருப்பும் வெள்ளையுமாக ஒரு குருவி நான்கு அடி ஓடும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். எல்லாரும் வந்துவிட்டீர்களா என்று கேட்பது போல வாலை மேலும் கீழும் ஆட்டும். உலகம்மை ஆற்றைக் கடந்த அன்று ஆடத் தொடங்கிய வால்தான் அது; இன்னும் நின்றபாடில்லை.